மாடில்டா எழுதிவைத்த வினைச்சொற்கள்

காளியண்ணன் ஓடியதால்தான் செத்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். மாடில்டா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் அவர். லோரியில் வந்த சிப்பாய்கள் 'ஸ்டாப்' என்று கத்தினார்கள். துரைமார் கத்தினால் அவர்கள் கண்ணில் படாமல் விலகிவிட வேண்டும் என்பது கூலிக்குடியிருப்பான லயத்தில் பிறந்தவனுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். காளியண்ணன் ஐம்பது வருஷமாக அப்படித்தான் விலகிப் பழகியிருந்தார். அன்றைக்கும் மரியாதையாக, வேகமாக விலகினார். முதுகில் இரண்டு குண்டு.

"ஒரே ஒரு சொல்லுப்பா," என்றாள் மாடில்டா தன் தகப்பன் காப்ரியலிடம். "நில்லுன்னு அர்த்தம். அது தெரிஞ்சிருந்தா அவரு இந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருப்பாரு."

காப்ரியல் நாவல்மரத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். புண்ணுக்கு மருந்து கட்டுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் அவர் வேலை. அந்த முதுகை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அர்த்தம் தெரிஞ்சவனும் செத்திருக்கான்மா. நீ ஒன் வேலையப் பாரு."

அவள் வேலை தோட்டத்து வாசலில். கோலா சிலாங்கூரிலிருந்து புக்கிட் பெலிம்பிங் தாண்டிப் போகும் செம்மண் பாதையின் முடிவில் அந்த வாசல் இருந்தது. மலாயாவில் வெள்ளைக்காரச் சர்க்கார் அவசரகாலம் அறிவித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. லயங்களைச் சுற்றி இரட்டை முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை போய்ச் சேரக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. அதனால் ரப்பர் மரத்தை உளியால் கீறிப் பால் வெட்டப் போகிறவர்கள் காலைப் பழையதைக்கூட எடுத்துப்போக முடியாது. பால் போடாத வெறும் தேத்தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம், அதுவும் போத்தலைக் குலுக்கிக் காட்டிய பிறகு. ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்த்தார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் தேவைப்பட்டாள். கிள்ளானில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்துவிட்டு, டீச்சர் வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருந்த இருபத்தோரு வயது மாடில்டாவுக்கு அந்த வேலை கிடைத்தது.

பள்ளியில் அவளுக்குப் பிடித்தது வினைச்சொற்கள்தான். பாடப்புத்தகத்தில் வரும் பூக்களை அவள் பார்த்ததில்லை. பனியையும் கணப்பையும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் புத்தகத்துப் பிள்ளைகள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், எடுத்தார்கள், கொடுத்தார்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். வினைச்சொல் இருக்கும் இடத்தில் தனக்கும் இடம் உண்டு என்று நம்பினாள்.

காளியண்ணன் செத்த வாரத்தில் ஒரு தேயிலைப்பெட்டி மூடிக்குக் கரிபூசி வாசலில் சாத்தினாள். அதில் சுண்ணக்கட்டியால் இருபது ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். பக்கத்தில் அர்த்தம், அதன் பக்கத்தில் வழக்கம். 'ஸ்டாப்: நில். கேட்டதும் நில், திரும்பிப் பார்க்காதே.' 'லிப்ட்: தூக்கு. கையைத் தலைக்கு மேல் தூக்கு.' 'டிராப்: கீழே போடு. உளி, வாளி எதுவானாலும் போடு.' 'ஷோ: காட்டு. கேட்பதற்கு முன்பே காட்டினால் நல்லது.' 'ஹைட்: ஒளி. இதைச் செய்யவே கூடாது.' 'ரன்: ஓடு. இதையும் செய்யக் கூடாது.' கடைசி வரியில் 'வெயிட்: காத்திரு. அவர்கள் சொல்லும்வரை அசையாதே.'

காலையில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து வரிசையில் நிற்கும் நேரத்தில் கற்றுக்கொடுத்தாள். அவள் சொல்வாள், அறுபது பெண்கள் செய்வார்கள்.

"லிப்ட்."

அறுபது ஜோடிக் கைகள் மேலே போகும்.

"இப்பிடியே நின்னா நெல்லு காக்குற பொம்மையாட்டம் இருக்குது டீச்சரம்மா," என்பாள் புஷ்பவள்ளி. வரிசையில் முதலில் நிற்பவள் அவள்தான், வாயும் அவளுக்குத்தான் முதலில்.

"சிட்."

"இத எங்க வீட்டு ஆளுக்கும் சொல்லிக் கொடுங்க. கள்ளுக்கடையிலேருந்து வந்தா நிக்கவும் மாட்டேங்குறான், ஒக்காரவும் மாட்டேங்குறான்."

சிரிப்பு வாசலைத் தாண்டிப் போகும். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் சிப்பாயும் எதற்கென்று தெரியாமல் சிரிப்பான். ஒரு மாதத்துக்குள் அந்தச் சொற்கள் லயத்துக்குள் நுழைந்துவிட்டன. ஆடு வாசற்படி ஏறினால் 'கோ' என்று விரட்டினார்கள். குழாயடியில் வரிசையை மீறினால் 'வெயிட்லா' என்று தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

எல்லாரையும்விட வேகமாகக் கற்றவள் வேலம்மா. புஷ்பவள்ளியின் தம்பி மனைவி. புருஷன் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். பத்து மாதக் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவாள். அவள் பால் வெட்டும் மரவரிசை, தோட்டத்தின் கடைசி நிரை. ஒரு கால்வாய்க்கு அப்பால் காடு. "காட்டுப் பக்கம் நிக்கறவளுக்குத்தான் நெறைய சொல்லு தெரிஞ்சிருக்கணும்," என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாசியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்தன. அந்த நாட்களில் பால்வெட்டு கிடையாது, தோட்டம் முழுக்க எலும்பாக நிற்கும். காட்டிலிருந்து பார்த்தால் லயத்துக் கொடிகளில் காயும் துணிவரை தெரியும். வேலி ஓரத்தில் நிற்கும்போது யாரோ தன்னை எண்ணிக்கொண்டிருப்பதுபோல் மாடில்டாவுக்கு இருக்கும். பிறகு துளிர் வந்தது. உளி மறுபடி மரத்தைத் தொடும் முதல் நாள் வந்தது.

அன்று காலை வேலம்மா தன் முறை வந்ததும், கேட்பதற்கு முன்பே, தலைத்துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். "ஷோ," என்றாள், ஒப்பித்துக்காட்டும் பிள்ளையைப் போல. முடிச்சுக்குள் ஒரு வெற்றிலை, சூடத்துண்டு, ஒரு பிடி பச்சரிசி.

"என்னக்கா இது?"

"மொத வெட்டு இல்லீங்களா. மொத மரத்தடியில முனிக்கு வைக்கணும். எங்க ஆத்தா காலத்துலேருந்து வைக்கிறதுதான். வைக்காம உளி போட்டா கை தவறிடும்."

மாடில்டா சுற்றும் பார்த்தாள். சிப்பாய் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். முனியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. ஆனால் உளியைத் தொடும் முன் ஒருத்தி பயப்படுகிறாள் என்பது தெரிந்தது. ஒரு பிடி அரிசி. உத்தரவில் ஒரு பிடிக்கும் ஒரு மூட்டைக்கும் வித்தியாசம் கிடையாது. அதுவும் தெரிந்தது.

"கோ," என்றாள் தாழ்ந்த குரலில்.

வேலம்மா சிரித்துக்கொண்டே முடிச்சைப் போட்டுக்கொண்டு போனாள்.

நடுப்பகலில் பெண்கள் பால் வாளிகளோடு திரும்பியபோது வாசலில் இராணுவ லோரி நின்றது. புதிதாக வந்த இளம் லெப்டினன்ட் ஒருவன், வெயிலில் மூக்கு உரிந்த முகத்தோடு, உள்ளங்கையில் ஒரு வெற்றிலையை ஏந்தி நின்றான். அதில் நாலைந்து அரிசிமணிகள் ஒட்டியிருந்தன. கடைசி நிரையின் முதல் மரத்தடியில் கிடைத்தது. பக்கத்தில் கால்வாய்ச் சேற்றில், காட்டில் இருப்பவர்கள் காலில் போடும் ரப்பர் சப்பாத்துத் தடம், காட்டைப் பார்த்து.

அது யார் நிரை என்று கேட்டான். கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் சன்னாசி வேலம்மாவைக் காட்டினார். லெப்டினன்ட் மாடில்டாவைத் துபாஷியாகக் கூப்பிட்டான்.

"நாந்தாங்க வச்சேன்," என்றாள் வேலம்மா. "முனிக்கு."

மாடில்டா அதை அப்படியே சொன்னாள்.

"உங்கள் முனிக்குச் சப்பாத்து போடும் வழக்கம் உண்டா?" என்றான் அவன். அவன் சிரிக்கவில்லை. பிறகு மாடில்டாவின் பக்கம் முழுதாகத் திரும்பினான். "இன்று காலை இவளைச் சோதித்தது யார்?"

"நான்."

"அரிசியைக் கண்டுபிடித்தாயா?"

மிகச் சாதாரணமாகத்தான் கேட்டான். காட்டுக்கு உணவு போக உதவியவர் யாரானாலும் தூக்குவரை போகலாம் என்று வாசலில் மூன்று மொழியில் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளே மாடில்டாதான். அப்பாவின் வேலை நினைவுக்கு வந்தது, அந்த வேலையோடு சேர்ந்த வீடு நினைவுக்கு வந்தது.

"ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை," என்றாள் ஆங்கிலத்தில்.

"அப்படியானால் ஒளித்திருக்கிறாள்." அவன் கேட்கவில்லை, எழுதிக்கொண்டே சொன்னான். அதில் 'ஹைட்' என்ற சொல் இருந்தது.

வேலம்மா தலை நிமிர்ந்தாள். பலகையில் பதினைந்தாவது சொல் அது. அவளுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"நோ ஹைட்," என்றாள் லெப்டினன்ட்டைப் பார்த்து. "ஐ ஷோ." தலைத்துண்டைத் தொட்டுக் காட்டினாள். விரலை மாடில்டாவின் பக்கம் நீட்டினாள். "ஷி லுக். ஷி சே கோ."

மற்றப் பெண்களெல்லாம் வாளிகளைக் கீழே வைக்காமல் நின்றார்கள். பால் உறைய ஆரம்பிக்கும் வாடை வந்தது.

"இவள் என்ன சொல்கிறாள்?"

அவனுக்குக் கேட்டிருந்தது. இருந்தும் கேட்டான். உண்மையைச் சொல்ல மாடில்டாவுக்கு இன்னொரு தடவை கதவு திறந்தது.

"நான் கற்றுக்கொடுத்த சில சொற்களை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள், சார்," என்றாள். "அவற்றின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது."

லெப்டினன்ட் தலையாட்டினான். சிப்பாய்க்குச் சைகை செய்தான்.

"டிராப்," என்றான் சிப்பாய். வேலம்மா வாளியைக் கீழே வைத்தாள், சிந்தாமல். "லிப்ட்." கைகளைத் தூக்கினாள். "டர்ன்." திரும்பினாள். "வாக்." நடந்தாள். "கிளைம்." லோரியில் ஏறினாள். "சிட்." உட்கார்ந்தாள். ஒன்றிலும் தயக்கமில்லை, ஒன்றும் தவறவில்லை. பலகையில் எழுதியிருந்த சொற்களில் ஒருத்தி பரீட்சை எழுதிக்கொண்டு போவதை மாடில்டா பார்த்துக்கொண்டு நின்றாள். லெப்டினன்ட் பார்க்கவில்லை, அவன் வெற்றிலையைக் காகித உறையில் போட்டுக்கொண்டிருந்தான்.

வேலம்மாவைக் கோலா சிலாங்கூர் லாக்கப்பில் வைத்திருப்பதாகப் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சாயங்காலம் சொன்னார். விசாரணை முடிந்ததும் தடுப்பு முகாம், அங்கிருந்து கப்பல். தோட்டத்திலேயே பிறந்த வேலம்மாவை, அவள் கண்ணால் கண்டிராத நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். குழந்தை அவளோடு போவதா இங்கேயே இருப்பதா என்பது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை வரிசை நின்றது.

"லிப்ட்," என்றாள் மாடில்டா.

ஒரு கையும் மேலே போகவில்லை.

"என்னங்க?" என்றாள் புஷ்பவள்ளி. இடுப்பில் வேலம்மாவின் குழந்தை இருந்தது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"லிப்ட்... கையத் தூக்குங்கக்கா."

"அப்பிடியா அதுக்கு அர்த்தம்? எங்களுக்கு வாயிலதாங்க வருது. அர்த்தம் தெரியாதுங்களே."

யாரும் சிரிக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சிப்பாய், கைகள் மேலே போகாததைக் கண்டு, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். மாடில்டா ஓடிப்போய்ப் புஷ்பவள்ளியின் ஒரு கையைப் பிடித்துத் தானே மேலே தூக்கினாள். அடுத்தவள் கையை. அதற்கடுத்தவள் கையை. விட்டவுடன் அவை பொத்தென்று விழுந்தன. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அப்படித்தான். தூக்கிய ஒவ்வொரு கையும் பிணத்தின் கைபோல் கனத்தது. பெண்கள் மரம் வெட்டப் போனபோது, "ஸ்டாப்னா நின்னுடுங்க," என்று பின்னாலிருந்து கத்தினாள். ஒருத்தியும் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்காதே என்று எழுதிக்கொடுத்தது அவள்தான்.

இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் மதியம் தாயம்மா என்ற கிழவி வாசலுக்கு வந்து, பலகையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னிக்கு நெரையில ரோந்துக்காரன் ஸ்டாப்புன்னான்."

"நின்னீங்களா?"

"நின்னேன். மூணு எட்டு வச்ச பொறவு நின்னேன்."

"ஏன் பாட்டி அப்பிடிப் பண்றீங்க?"

"மொத எட்டுல அவன் கத்தினான். ரெண்டாவது எட்டுல துப்பாக்கிய எடுத்தான். நாளைக்கு நாலு எட்டு வைக்கலாம்னு இருக்கேன்." தாயம்மா வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். "அர்த்தம் தெரியாதவ செத்தா யாரு மேல குத்தம் சொல்லுங்க?"

வாசலில் தன் உயிருக்குப் பயந்து சொன்ன ஒரு வாக்கியம் இப்போது அத்தனை பேரின் முதுகிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று மாடில்டாவுக்குத் தோன்றியது. தனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது? 'ஷோ' என்றால் காட்டு என்று எழுதினாள். காட்டியவளைப் பார்த்தவளுக்கு ஒரு கடமை வந்துவிடுகிறது என்பதை எழுதவில்லை.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வெள்ளைச் சேலை கட்டினாள். காப்ரியல் வாசற்படியில் உட்கார்ந்து கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா?"

"கோலா சிலாங்கூருக்கு."

அவர் கை நின்றது. "வீடு போயிரும். அதுக்கு மேலயும் போகும்."

"தெரியும்பா."

"என்ன சொல்லப் போற?"

"மூணே மூணு சொல்லு."

அவர் தடுக்கவில்லை. சுருட்டிய துணியை மறுபடி பிரித்து, முதலிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார்.

பஸ் இரண்டு இடத்தில் நிறுத்தப்பட்டது. இரண்டு இடத்திலும் எல்லாரோடும் இறங்கி, கையைத் தூக்கி நின்றாள். பத்து மணிக்கு ஆற்றங்கரைப் பக்கத்து அலுவலகத்தில் அதே லெப்டினன்ட்டின் முன்னால் நின்றாள்.

"அவள் காட்டினாள்," என்றாள். "நான் பார்த்தேன். நான் போகச் சொன்னேன்."

அவன் பேனாவை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மீன்கொட்டகையில் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.

"நீ சொல்வதன் அர்த்தம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும், சார். அவளுக்கும் தெரியும். தெரியாது என்று நான் சொன்னது பொய்."

அவன் மஞ்சள் கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினான். கோபமே இல்லாமல் பேசினான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஒளிக்கவில்லை என்றால் அந்தப் பெண்ணைத் தோட்டத்து மானேஜர் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றான். ஆனால் அரிசி வாசலைத் தாண்டியிருக்கிறது, சப்பாத்துத் தடம் இருக்கிறது, ஆகவே இந்தக் கோப்பில் யாருடைய பெயராவது இருந்தாக வேண்டும் என்றான். கையை நீட்டினான். மாடில்டா தன் அடையாள அட்டையைக் கொடுத்தாள். அவன் அதைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, வராந்தாவில் கிடந்த பெஞ்சைக் காட்டினான்.

"சிட்," என்றான். "வெயிட்."

அவள் உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது. வெயில் வராந்தாவில் ஏறி, அவள் காலைத் தொட்டு, இறங்கியது. ஊரடங்குக்கு முந்திய கடைசி பஸ்ஸுக்கு மக்கள் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரு கான்ஸ்டபிள் வேலம்மாவை வெளியே விட்டான். ரவிக்கையில் பால் கட்டிக் காய்ந்த கறை இரண்டு இருந்தது. தலைத்துண்டு இல்லை.

"கோ," என்றான் கான்ஸ்டபிள்.

வேலம்மா போகவில்லை. பெஞ்சில் இருப்பவளைப் பார்த்தபடி நின்றாள். கோபமா இல்லையா என்று மாடில்டாவால் படிக்க முடியவில்லை.

"எங்க போகச் சொல்றான்?"

"வீட்டுக்குக்கா. கடைசி பஸ்ஸு நிக்குது, புடிச்சிருங்க. புள்ள தொண்டை கட்டி அழுதுகிட்டு இருக்கு."

"நீங்க வரலீங்களா?"

மூடிய கதவுக்குப் பின்னால் தட்டச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு பெயரை எழுத்து எழுத்தாக அடிப்பதுபோல் விட்டுவிட்டு ஓடியது.

"என்னைய வெயிட்னு சொல்லியிருக்காங்க," என்றாள் மாடில்டா.

வேலம்மா கதவைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். பலகையின் கடைசி வரியில் இருந்த அந்தச் சொல்லுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தபோதும் அவள் படியிறங்கவில்லை.